மனநல மாநாட்டுக்குப் போனால் பாயிண்ட் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். தொழில் பதிவைப் புதுப்பிக்க அவரவர் கவுன்சிலிடம் காட்ட வேண்டிய தொடர்கல்விக் கணக்கைத்தான் பேச்சுவழக்கில் பாயிண்ட் என்கிறோம். ஏழெட்டு மாநாடுகளில் பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேட்ஜ் எடுத்துக் கொடுப்பது, பை கொடுப்பது, கையெழுத்துத் தாளைப் பறக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் வேலை. அரங்கத்துக்குள் பேசியதில் பாதியைக் கேட்டதில்லை. மேசைக்கு வந்து கேட்ட சந்தேகங்கள் மட்டும் வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

பாயிண்ட், கிரெடிட், சி.ஆர்.இ., சி.எம்.இ. எல்லாம் ஒண்ணுதானா மேடம்?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சி.எம்.இ. என்பது தொடர் மருத்துவக் கல்வி. எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்களுக்கு உரியது, மனநல மருத்துவர்களும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் அதற்கான கிரெடிட்டைத் தருவது தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். சி.ஆர்.இ. என்பது தொடர் மறுவாழ்வுக் கல்வி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர், பேச்சு-செவித்திறன் நிபுணர் போன்று இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்தவர்களுக்கு உரியது. செவிலியர்களுக்கு அவர்களுடைய கவுன்சிலின் கணக்கு தனி.

ஒரே மாநாடு, ஒரே அரங்கம், ஒரே சாம்பார் சாதம். ஆனால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூன்று பேருக்கு மூன்று கவுன்சில், மூன்று கணக்கு. இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

எனக்கு எத்தனை வேணும்?

ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவர் என்றால் ஐந்து வருடத்தில் 100 பாயிண்ட். அதைக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவர் என்றால் ஐந்து வருடத்தில் 30 மணி நேரம். மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002ஆம் வருட விதிகளில் இது இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்திவைத்தது. அதனால் பழைய விதிதான் மறுபடி நடைமுறைக்கு வந்தது. இரண்டிலுமே 30 மணி நேரம்தான் என்பதால் கணக்கில் குழப்பம் இல்லை.

100 என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு முழு நாளுக்கு 6 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்தில் பதினேழு நாள். வருடத்துக்கு மூன்று நான்கு நாள்தான். தீபாவளி ஷாப்பிங்குக்கு இதைவிட அதிக நாள் போகிறது.

வாங்காம விட்டா என்ன ஆயிடும்? யாராவது வந்து பிடிப்பாங்களா?

போலீஸ் வராது. ரினியூவல் நின்றுபோகும். பதிவு காலாவதியான பிறகும் பேர்ப்பலகையை மாட்டி வைத்திருந்தால் சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. 1992ஆம் வருட ஆர்.சி.ஐ. சட்டத்தின் 13ஆவது பிரிவு, பதிவேட்டில் பேர் இல்லாதவர் மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்யக் கூடாது என்கிறது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை இந்தக் காலத்துக்குச் சிரிப்பாக இருக்கிறது. சிறை என்ற சொல் அப்படி இல்லை.

அதைவிட நடைமுறையில் கடிப்பது வேறு. மருத்துவமனையில் வேலைக்கு எடுக்கும்போதும், நீதிமன்றத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை கொடுக்கும்போதும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துக் கொடுக்கும்போதும் உங்கள் பதிவு எண்ணைக் கேட்பார்கள். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அது காலாவதியானது என்று எழுந்து நின்று சொன்னால், நீங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எடுத்த டெஸ்ட்டின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பிரோஷர்ல பாயிண்ட் உண்டுன்னு போட்டிருக்கு. நம்பிப் பணம் கட்டலாமா?

போட்டிருக்கும் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். "அங்கீகரிக்கப்பட்டது" என்று இருக்கிறதா, "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று இருக்கிறதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு மாநாட்டுக் கட்டணமே மூழ்கிப்போகும். விண்ணப்பம் போடுவது அமைப்பாளர் கையில் இருக்கிறது. ஒப்புதல் கவுன்சில் கையில் இருக்கிறது. நடுவில் கடிதம் போவதும் வருவதும் அவரவர் அதிர்ஷ்டம்.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் மூன்று நாள் மாநாடு ஒன்றுக்குப் போனேன். பிரோஷரில் விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்றுதான் இருந்தது. அதெல்லாம் வந்துவிடும் என்று மேசையில் சொன்னார்கள். ஹோட்டல், ரயில், கட்டணம், மூன்று நாள் கிளினிக் வருமானம், எல்லாம் போனது. மாநாடு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது: சில தொழில்நுட்பக் காரணங்களால் பாயிண்ட் கிடைக்கவில்லை, வருந்துகிறோம். வருத்தத்தை வைத்து ரினியூவல் பண்ண முடியாதே.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஆர்கனைசிங் செக்ரட்டரிக்கு ஒரு வரி மெயில் போடுவேன்: ஒப்புதல் கடிதத்தின் நகல் அனுப்ப முடியுமா? ஒப்புதல் கிடைத்தவர்கள் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். கிடைக்காதவர்கள் போன் பண்ணி நீளமாகப் பேசுவார்கள். கடிதம் வந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: எந்தக் கவுன்சில், எந்தத் தேதிகள், எத்தனை பாயிண்ட்.

சைக்கியாட்ரிஸ்ட்டுங்க மாநாடு. நான் சைக்காலஜிஸ்ட். போனா எனக்குக் கணக்கு வருமா?

ஆர்.சி.ஐ. ஒப்புதலும் தனியாக வாங்கியிருந்தால் வரும். மெடிக்கல் கவுன்சில் கிரெடிட் மட்டும் என்றால், உங்கள் சர்டிபிகேட்டில் எத்தனை மணி நேரம் அச்சடித்திருந்தாலும் உங்கள் 100இல் அது சேராது. எதிர்த்திசையிலும் இப்படித்தான். முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட்டில், அதாவது பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில், நடக்கும் சி.ஆர்.இ. பயிற்சிக்கு ஒரு மனநல மருத்துவர் வந்து உட்கார்ந்தால் அறிவு வரும், அவருடைய 30 மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது.

இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டை ஆன்சிப்ஸ் என்பார்கள். அதற்கும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளின் அகில இந்தியச் சங்கத்தின் மாநாட்டுக்கும் இரு தரப்பினரும் போவதுண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு நடத்தும் மனச்சிதைவு நோய் பற்றிய மாநாட்டிலும் எல்லாத் துறையினரையும் பார்க்கலாம். கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். கணக்குக்காகப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன கடிதத்தைக் கேளுங்கள்.

எத்தனை மணி நேரம் உட்காரணும்? தொடக்க விழாவும் சேருமா?

கணக்கில் வருவது பாடம் நடக்கும் நேரம். குத்துவிளக்கு ஏற்றுவது, வரவேற்புரை, மலர் வெளியீடு, பொன்னாடை, அதற்கான போட்டோ, பிறகு வராதவர் பேரைச் சொல்லி அவருக்கும் நன்றி, இதெல்லாம் பாடம் இல்லை. டீ இடைவேளையும் சாப்பாடும் இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை அங்கே இருந்தும் ஏன் ஆறுதான் என்று கேட்பவர்கள் நிகழ்ச்சி நிரலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குத்தான் பாடம் இருக்கும்.

தொடக்க விழா ஒரு மணி நேரம் நீண்டுபோய், முதல் அமர்வை இருபது நிமிடத்தில் முடித்தால் என்ன செய்வது என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். பேச வந்தவர் நாற்பது ஸ்லைடைப் பத்து நிமிடத்தில் ஓட்டியதை நானும் பார்த்தேன். பாயிண்ட் என்னவோ குறையவில்லை.

எனக்கு மத்தியானம் ரயில். சாப்பிட்டுட்டுக் கிளம்பினா பாதி பாயிண்ட் தருவாங்களா?

தர மாட்டார்கள். ஒழுங்காக நடத்தும் இடத்தில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு கையெழுத்து வாங்குவார்கள். சில இடங்களில் பேட்ஜில் உள்ள க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வார்கள். பிற்பகல் கையெழுத்து இல்லை என்றால் அந்த நாளே போனது. சர்டிபிகேட் கொடுப்பதைக் கடைசி அமர்வுக்குப் பிறகு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ரயில் டிக்கெட் எடுக்கும் முன் நிரலைப் பாருங்கள். திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர்கள் இரவு வண்டியில் போட்டுக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்கள்தான் அதிகமாக நழுவுகிறார்கள். அது தனிக் கதை.

நான் வர லேட்டாகும், என் ஃபிரெண்டு எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டா பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. ஒரே பேனா, ஒரே சாய்வு, அடுத்தடுத்த வரி. மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். நான் அந்தத் தாளில் இரண்டு பேரையும் சுழித்துவிடுவேன்.

ஒரே நேரத்துல நாலு ஹால்ல நடக்குது. எதுக்குப் போனா பாயிண்ட்?

எதற்கு வேண்டுமானாலும் போகலாம். ஒப்புதல் பெரும்பாலும் மாநாட்டு நாளுக்குத்தான், தனித்தனி ஹாலுக்கு அல்ல. ஹாலுக்கு ஹால் ஸ்கேன் செய்யும் மாநாடு என்றால் அதைப் பேட்ஜ் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

எதற்குப் போவது என்று என்னைக் கேட்டால், பெரிய ஹாலில் பெரிய பேர் பேசுவதை விட்டுவிட்டு, சின்ன ஹாலில் முப்பது பேரோடு நடக்கும் கேஸ் கலந்துரையாடலுக்குப் போங்கள் என்பேன். பெரிய பேர் சொல்வது ஏற்கெனவே கட்டுரையாக வந்திருக்கும். ஓ.சி.டி., அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய், உள்ள பையன் ஒருவன் ஆறு மாதமாகச் சிகிச்சைக்கு வந்தும் ஏன் நகரவில்லை என்று ஒருவர் தன் தவறை எழுந்து நின்று சொல்வதைச் சின்ன ஹாலில்தான் கேட்கலாம். ஏ.சி.யும் அங்கே கொஞ்சம் குறைவாக இருக்கும், தூக்கம் வராது.

முதல் நாள் வொர்க்‌ஷாப்புக்குத் தனியா பணம் கேக்கறாங்க. அதுக்குத் தனிப் பாயிண்ட்டா?

தனி ஒப்புதல் வாங்கியிருந்தால் தனிப் பாயிண்ட். கடிதத்தில் உள்ள தேதிகளைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மாநாடு 10, 11, 12 என்று இருந்து, வொர்க்‌ஷாப் 9ஆம் தேதி என்றால், கடிதத்தில் 9 இருக்கிறதா?

எம்.எஸ்சி. சைக்காலஜி முடிச்சுட்டு ஸ்கூல்ல கவுன்சிலரா இருக்கேன். எனக்குப் பாயிண்ட் கிடைக்குமா?

இதற்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும். பாயிண்ட் சேர்வது உங்கள் பதிவு எண்ணில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பதற்கு 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறை வைத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி படிப்பு இருக்க வேண்டும். எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் படித்தவர் அந்தப் பதிவேட்டில் வர முடியாது. எண் இல்லாதபோது பாயிண்ட்டைப் போட்டுவைக்க இடம் இல்லை. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு செக் எழுதிக் கொடுப்பது மாதிரி.

2021இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் நடத்தைசார் நலத் துறையினர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத சைக்காலஜிஸ்டுகளுக்கும் மனநல சமூகப் பணியாளர்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் கவுன்சில்களின் பதிவு அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். அதுவரை, வந்ததற்கான சான்றிதழை வாங்கி ஃபைலில் வையுங்கள். பள்ளி நிர்வாகம் சம்பளம் பேசும்போது எடுத்துக் காட்டலாம். பிளஸ் டூ ரிசல்ட் நாளில் பள்ளியில் தனியாக நிற்பது நீங்கள்தான். தற்கொலைத் தடுப்பு வொர்க்‌ஷாப் எது இருந்தாலும், பாயிண்ட் வந்தாலும் வராவிட்டாலும், அதற்கு மட்டும் வந்துவிடுங்கள்.

நான் இன்னும் டிரெய்னிதான். இப்பவே சேர்த்து வச்சுக்கலாமா?

முடியாது. முந்தின பதிலில் சொன்ன அதே காரணம்தான், பதிவு எண் வந்த பிறகுதான் கணக்கு ஓட ஆரம்பிக்கும். ஆனால் மாணவர் கட்டணம் குறைவு. அந்தச் சலுகை இருக்கும்போதே நாலு மாநாடு பார்த்துவிடுங்கள், பிறகு முழுக் கட்டணம் கட்டும்போது இந்த அருமை தெரியும்.

பேப்பர் வாசிச்சா கூடுதலா வருமா? போஸ்டர் ஒட்டினா?

ஒப்புதல் கடிதத்திலேயே பார்வையாளருக்கு இவ்வளவு, பேச்சாளருக்கு இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அழைக்கப்பட்ட பேச்சாளர் வேறு, கட்டுரை வாசிப்பவர் வேறு. பத்து நிமிடம் கட்டுரை வாசித்துவிட்டு பேச்சாளர் பாயிண்ட் கேட்டு மேசையில் வாக்குவாதம் செய்பவர்கள் ஒவ்வொரு மாநாட்டிலும் இருவராவது உண்டு. கட்டுரை வாசித்ததற்கு ஒரு சர்டிபிகேட் கிடைக்கும். அது பயோடேட்டாவுக்கு.

ஆன்லைன்லயே கேட்டா போதுமே, எதுக்கு மெனக்கெட்டு வரணும்?

2020 ஊரடங்கில் வெபினார்கள் பெருகின. ஒரே நாளில் மூன்று வெபினாரில் ஒரே நேரத்தில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு லேப்டாப், இரண்டு போன், மூன்றிலும் கேமரா அணைத்திருக்கும், சமையலறையில் குக்கர் விசில். ஆன்லைன் நிகழ்ச்சிக்கும் விதி அதேதான். முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும், எந்தக் கவுன்சில் என்று பார்க்க வேண்டும். பாயிண்ட்டுக்காக வைத்திருப்பவர்கள் உள்ளே வந்த நேரம், போன நேரத்தின் பதிவை எடுப்பார்கள், கடைசியில் கேள்வித்தாள் வைப்பார்கள். "கூகுள் ஃபார்ம் நிரப்பினால் போதும், ஈ-சர்டிபிகேட் வந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் இலவச வெபினார்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் கவுன்சிலோடும் சம்பந்தம் இல்லை.

நேரில் வருவதற்குக் காரணம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். மதுரையில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் மதிப்பீடு யாரிடம் அனுப்பலாம் என்று தெரியாமல் முழிக்கும்போது, டீ வரிசையில் முன்னால் நின்றவரின் போன் நம்பர்தான் உதவும்.

மருந்துக் கம்பெனி ஃபிளைட் டிக்கெட் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க டாக்டர். போகலாமா?

இது மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது. மேசை வரைக்கும் வந்து விழுவதால் சேர்த்திருக்கிறேன். 2002 விதிகளில் 2009ஆம் வருடம் ஒரு திருத்தம் செய்தார்கள். மாநாடு, கருத்தரங்கு, சி.எம்.இ. எதுவானாலும் பார்வையாளராகப் போவதற்கு மருந்துக் கம்பெனியிடமிருந்து ரயில், விமானம், கப்பல் எந்த டிக்கெட்டையும் மருத்துவர் வாங்கக் கூடாது. தனக்கும் கூடாது, குடும்பத்துக்கும் கூடாது. விருந்தோம்பலும் கூடாது. கப்பலை எதற்குச் சேர்த்தார்கள் என்றால், சேர்க்க வேண்டிய அளவுக்கு யாரோ போயிருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நெறிமுறை என்று கம்பெனிகளின் பக்கமிருந்தும் கதவைச் சாத்தியது. அதன்படி பேச்சாளராக வருபவருக்கு மட்டும் பயணம், தங்குமிடத்தில் விலக்கு உண்டு. அதனால்தான் சமீப காலமாகச் சில மாநாடுகளில் பேச்சாளர் பட்டியல் பார்வையாளர் பட்டியலைவிட நீளமாக இருக்கிறது என்று ஒரு மூத்த மருத்துவர் சொல்லிச் சிரித்தார். அரங்கத்துக்கு வெளியே கம்பெனி ஸ்டால் இருப்பதும், நீங்கள் அங்கே நின்று ஒரு மருந்தைப் பற்றி விசாரிப்பதும் வேறு விஷயம்.

என் அக்கா கலிஃபோர்னியாவுல தெரபிஸ்ட். டிசம்பர்ல கச்சேரி சீசனுக்கு வரும்போது இங்க ஒரு மாநாட்டுக்கு வந்தா அவங்களுக்குக் கணக்காகுமா?

சாதாரணமாக ஆகாது. கலிஃபோர்னியாவில் குடும்ப தெரபிஸ்ட், கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் போன்றவர்கள் இரண்டு வருடத்துக்கு 36 மணி நேரம் காட்ட வேண்டும். ஆனால் அந்த மாநில வாரியம் ஏற்கும் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் அங்கீகரித்த நிறுவனங்கள் அந்த வகையில் வரும். அங்கே ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட். சென்னை மாநாட்டை நடத்துபவர்கள் அப்படி ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தினால் ஒழிய அக்காவுக்கு இங்கே கிடைப்பது கச்சேரியும் கேன்டீன் அடையும்தான். நியூயார்க் இன்னும் கறார். அங்கே மனநல கவுன்சிலர்களுக்கு அந்த மாநிலக் கல்வித் துறையே அங்கீகரித்த அமைப்பு வேண்டும்.

தலைகீழாகவும் இதே கேள்வி வரும். அமெரிக்க மாநாட்டை ஆன்லைனில் கேட்டேன், ஆர்.சி.ஐ.க்குப் போடலாமா என்று. முதல் பதிலில் சொன்ன மூன்று கவுன்சில் கதைதான். இப்போது கடலும் நடுவில் சேர்ந்துவிட்டது.

தமிழ்ல பேசினா பாயிண்ட் தர மாட்டாங்களாமே?

யார் சொன்னது? நான் உட்கார்ந்த மாநாடுகளில் தமிழ் அமர்வு நடந்திருக்கிறது, அன்றைக்கு வந்தவர்களுக்கு அந்த நாளின் பாயிண்ட் முழுசாகக் கிடைத்திருக்கிறது. தமிழில் நடக்காததற்குக் காரணம் நம் கூச்சம். கிளினிக்கில் நாள் முழுக்க "நெஞ்சு படபடங்குது", "மனசு பாரமா இருக்கு", "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்று கேட்டுவிட்டு, மேடை ஏறியதும் அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லப் பார்க்கிறோம்.

ஒரு முறை ஒரு பெண் மருத்துவர் கேஸைத் தமிழிலேயே சொன்னார். நோயாளி "எனக்கு வாழப் பிடிக்கலை"ன்னு சொன்னாரா, "சாகணும்போல இருக்கு"ன்னு சொன்னாரா, "இருந்து என்ன பிரயோஜனம்"னு சொன்னாரா, மூன்றுக்கும் அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று அரங்கத்தைக் கேட்டார். முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. டீ மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் மேசையை விட்டுவிட்டு உள்ளே போய் நின்ற ஒரே அமர்வு அது.

கேஸ் ஸ்லைடைப் போட்டோ எடுத்து எங்க குரூப்ல போடலாமா? பாயிண்ட்டுக்கு ஆதாரமாவும் இருக்குமே.

ஆதாரம் கையெழுத்துத் தாளும் சர்டிபிகேட்டும். ஸ்லைடு படம் ஆதாரம் ஆகாது. கேஸ் ஸ்லைடைப் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கி வைத்திருக்கிறது. பேர் இல்லையே என்பீர்கள். வயது, ஊர், தொழில், எத்தனையாவது பிள்ளை என்று நான்கு தகவல் இருந்தால் அந்த ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். 150 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார்.

நாலு வருஷம் ஓடிப்போச்சு, 40தான் இருக்கு. இன்னும் 60. என்ன பண்றது?

நாளுக்கு 6 என்ற கணக்கில் பத்து நாள். ஒரு வருடத்தில் முடிகிற காரியம்தான். மாநாடுகளை மட்டும் நம்ப வேண்டாம், அவை சீசன் பார்த்து ஒரே மாதத்தில் வந்து மோதும். மூன்று நாள், ஐந்து நாள் சி.ஆர்.இ. பயிற்சிகளைத் தேடுங்கள். நிப்மெட், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களின் அறிவிப்புகளைப் பாருங்கள். ஐந்து நாள் பயிற்சி இரண்டு போனால் முடிந்தது. கடைசி மூன்று மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் தேடும் பயிற்சியில் இடம் நிரம்பியிருக்கும், வரும் பாயிண்ட் கணக்கில் ஏறுவதற்குள் தேதி தாண்டியிருக்கும்.

ஆபீஸ்ல ஆன் டியூட்டி கேட்டிருக்கேன். பாயிண்ட் சர்டிபிகேட் கொடுத்தா போதுமா?

வந்ததற்கான சான்று தனித் தாள், அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் தேதியும், முடிந்தால் நேரமும் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது இல்லாமல் நடக்காது. பாயிண்ட் சர்டிபிகேட் சில மாநாடுகளில் பிறகுதான் மெயிலில் வரும், உங்கள் கிளார்க் அதுவரை காத்திருக்க மாட்டார்.

சர்டிபிகேட்ல என் பேர் தப்பா வந்திருக்கு. விட்டுடலாமா?

விடவே கூடாது. பதிவேட்டில் "எஸ். கலைச்செல்வி" என்று இருக்கிறது, சர்டிபிகேட்டில் "கலைசெல்வி சுந்தரம்" என்று இருக்கிறது. இன்ஷியலை முன்னால் போட்டு வாழும் நமக்கும், முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும் பதிவுப் படிவத்துக்கும் ஒத்துப்போவதில்லை. படிவம் நிரப்பும்போதே கவுன்சில் பதிவில் இருக்கும் அதே பேரை அதே வரிசையில் எழுதுங்கள். திருமணத்துக்குப் பிறகு பேர் மாற்றியவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பதிவு எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் உங்கள் பாயிண்ட் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்காரும். திருத்தம் கேட்டு அரங்கத்தை விட்டுப் போவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அமைப்புக் குழு கலைந்த பிறகு யாரைப் பிடிப்பது?

போன வருஷ மாநாட்டு சர்டிபிகேட் காணோம். உங்ககிட்ட நகல் இருக்குமா மேடம்?

என்னிடம் இருக்காது. மாநாட்டை நடத்திய அமைப்பின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் கவுன்சிலுக்கு அனுப்பிய வருகைப் பட்டியலில் உங்கள் பேர் இருக்கும். தேதி, உங்கள் பதிவு எண், பணம் கட்டிய ரசீது மூன்றையும் மெயிலில் இணைத்தால் சீக்கிரம் நடக்கும். ரசீதும் இல்லை என்றால் வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த மாதத்தைத் தேடுங்கள்.

இனி வருவதை வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். சப்ஜெக்ட்டில் வருடமும் பாயிண்ட் எண்ணிக்கையும் போதும், "2025, 18" என்று. ஐந்து வருடம் கழித்துக் கூட்டிப் பார்க்க அந்த ஒரு வரிதான் கைக்கு வரும்.